ஊரைக் காணோம்

ஜூன் 3, செவ்வாய்

கச்சான் காற்று நின்றபாடில்லை. மேசையைத் துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி மண். ஜன்னலை அடைத்தால் புழுக்கம், திறந்தால் மண். திறந்தே வைத்தேன். மண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

என் கணவர் கஸ்பார் செய்துவைத்த விளையாட்டுப் பெட்டி இன்று காலை தொலைக்காட்சியில் ஓர் அறிவிப்புக் காட்டியது. மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்பது நல்லது. நல்லது என்று எழுதி ஒட்டியிருந்தால் அதன்படி நடப்பதுதான் முறை. ஏற்றேன்.

பெட்டி என்றால் சோப்புப் பெட்டி அளவுதான். அவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தபோது கோபே துறைமுகத்தில் ஒரு ஜப்பானிய விளையாட்டு இயந்திரம் வாங்கிவந்தார். தூத்துக்குடி உப்புக்காற்று அதைத் தின்று தீர்த்தது. பிறகு அதிலிருந்த விளையாட்டுகளை இந்தச் சின்னப் பெட்டியில் ஏற்றி, அந்தப் பழைய இயந்திரம் போலவே இது நடிக்கும்படி செய்துவைத்தார். எமுலேட்டர் என்று பெயராம். அடுத்தவரைப் போல நடித்துக் காட்டுவதை எங்கள் கான்வென்டில் மதர் ஒடிலியா ஒருநாளும் அனுமதித்ததில்லை. கஸ்பார் கான்வென்டில் படித்தவரல்ல.

புதிய பதிப்பு ஏறி முடிந்ததும் விளையாட்டுகளின் பெயர்களைப் பார்த்தேன். வெட்கக்கேடு. துறைமுகம் என்பதற்கான ‘ஹார்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஓ’, ‘யூ’ இரண்டையும் விழுங்கிவிட்டு அங்கே ஓர் ‘ஈ’யை உட்கார வைத்திருந்தார். இத்தனை காலம் வருகிற போகிறவர் கண்ணில் படும்படி என் வரவேற்பறையில் அது இருந்திருக்கிறது. பெயரை மாற்றும் வசதி இருந்தது. திருத்தினேன். மற்றவற்றில் பிழையில்லை.

மாலை காபிக்குப் பின் ஜெசிந்தா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா கஸ்பாரின் தங்கை. அவளுக்கும் கணவர் இல்லை. மகன் ரொனால்ட் சென்னையில். அண்ணன் இருக்கும்போதே இந்த வீட்டுக்கு வந்தவள். காலையில் சாப்பிட்டது அவளுக்கு மதியம் நினைவிருக்காது. ஆனால் அந்தத் துறைமுக விளையாட்டில் ஒரு கல்கூட மறக்காது. அதில் அவள்தான் படகோட்டி. கரையில் ஆட்கள் வந்து நிற்பார்கள், ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்பார்கள், இவள் ஏற்றிக்கொண்டுபோய்த் தீவில் விடுவாள். விட விட ஊர் வளரும். விளக்கு வரும், பாலம் வரும், கடை வரும். ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. அண்ணனும் தங்கையும் எல்லாருக்கும் தாங்களாகவே பெயர் வைத்திருந்தார்கள்.

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“மைனி, ஊரக் காணோம்.”

“சரியாப் பாரு.”

“பார்த்துட்டேன். வெளக்கக் காணோம், பாலத்தக் காணோம், குடைக்காரியக் காணோம். ஒத்தப் பலகதான் தண்ணியில கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். விளையாட்டு முதலிலிருந்து தொடங்கியிருந்தது. போதாததற்குப் படமும் பக்கவாட்டில் இழுபட்டு, படகு தோசைக்கல் போல இருந்தது.

புதிய பதிப்பின் கோளாறு. நாளைக்குள் சரிசெய்துவிடலாம்.

ஜூன் 4, புதன்

சரியாகவில்லை.

ஜூன் 5, வியாழன்

பெட்டியை அணைத்துப் போட்டேன். மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். பழைய பதிப்புக்குத் திரும்ப வழியுண்டா என்று தேடினேன், அகப்படவில்லை.

ஜெசிந்தா தட்டைத் தள்ளிவிட்டாள். “ஆளுக கரையில நிப்பாகளே மைனி, நான் சோறு தின்னுட்டா இருக்கது?” என்கிறாள். அவர்கள் பொம்மைகள் என்று சொன்னேன். என்னை அவள் பார்த்த பார்வையில், நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியவளாகிவிட்டேன்.

ரொனால்ட் போன் செய்தான்.

“மாமி, அம்மா சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டா.”

பொய்யில்லை. எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

நாகர்கோவிலில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பானாம். “அமைதியா இருந்தாங்கன்னா இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். ரொம்பத் தொந்தரவு பண்றாங்கன்னா உங்க தலையில கட்டிவைக்க முடியாது, மாமி. உங்களுக்கும் வயசாகுது.”

எனக்கு வயதாவதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இல்லத்தில் காற்றோட்டமான அறை, தோட்டம், ஆலயமும் உள்ளேயே. அவளுக்கு நல்லதுதான். எனக்கும் ஓய்வு.

இருந்தாலும் பெட்டியைப் பழுதாக விட்டுவைப்பது முறையல்ல. எடுத்த வேலையை முடிக்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

இதற்கென்றே இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி உலகம் முழுவதும் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும் உதவிக்கொண்டும் இருக்கிறார்கள். நல்ல ஆங்கிலத்தில், மூன்று பத்திகளில், பிரச்சினையை எழுதி, திருமதி ஹில்டா கொரைரா என்று கையொப்பமிட்டேன்.

மதியமே பதில் வந்தது. எழுதியவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் தூங்குமூஞ்சி உருளைக்கிழங்கு. வணக்கம் இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, பெரிய எழுத்து இல்லை. முதல் சொல்லே ‘டூட்’.

இத்தகைய விளிப்பு எனக்குப் பழக்கமில்லை என்று தெரிவித்தேன்.

அடுத்த பதிலில் ‘மிஸஸ் டூட்’ என்று அழைத்தார். முன்னேற்றம்.

ஜூன் 7, சனி

படம் சரியாயிற்று. படத்தின் அகல உயர விகிதத்தை நான்குக்கு மூன்று என்று வைக்க வேண்டும். புதிய பதிப்பு அதைத் தானாக மாற்றிவைத்திருக்கிறது. ஜெசிந்தாவிடம் காட்டினேன்.

“படகு மெலிஞ்சிட்டு. ஊரு?”

“வரும்.”

ஜூன் 9, திங்கள்

அந்த விளையாட்டில் பாட்டு குறைவு. பெரும்பாலும் கடல் சத்தந்தான். மதியம் நான் கண்ணயரும்போது அது பக்கத்து அறையிலிருந்து வரும். எங்கள் கடல் சத்தம் இப்படி இராது, இங்கே கிரேன் சத்தமும் லாரிச் சத்தமும் சேர்ந்திருக்கும். அந்தக் கடல் யாருக்கும் எதுவும் ஏற்றுமதி செய்யாத கடல். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினால் கனவில் கால் நனையும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

புதிய பதிப்பில் கடல், அப்பளம் பொரிவதுபோல் பொரிந்துகொண்டிருந்தது. ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பும்படி மாற்றச் சொன்னார் உருளைக்கிழங்கு. மாற்றினேன். பொரிச்சல் நின்றது.

சோதித்துப் பார்ப்பதற்காகச் சற்று நேரம் படுத்திருந்தேன். ஒலி சரியாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஜெசிந்தா அழுதாள்.

அந்த ஒற்றைப் பலகைக்கு ஒரு கிழவர் வருகிறார். அவர்தான் முதல் பயணி. ஏதோ கேட்கிறார். ‘சரி’ என்பதற்கு வட்டப் பொத்தானைத்தான் இவள் எப்போதும் அமுக்குவாள். அமுக்கினால், கிழவர் தலை குனிந்து திரும்பிப் போய்விடுகிறார். மறுபடி வருகிறார். மறுபடி கேட்கிறார். இவள் அமுக்குகிறாள். அவர் போய்விடுகிறார்.

“நான் என்ன சொன்னாலும் திரும்பிப் போறாரே, மைனி. நான் வான்னுதானே சொல்லுதேன்.”

மன்றத்தில் கேட்டேன். வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம் என்பது ஜப்பானியர் வழக்கமாம். மற்ற நாடுகளில் தலைகீழ். புதிய பதிப்பு தன்னை வேறு நாட்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டுவிட்டது. எங்கள் கான்வென்டிலும் பிழையான சொல்லைத்தான் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள். எனவே ஜப்பானியர் வழக்கம் எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அதையே வைத்தேன். கிழவர் படகில் ஏறிக்கொண்டார்.

ஜெசிந்தா அவரைத் தீவில் விட்டாள். ஆனால் அவரைப் போல இன்னும் நூறு பேரை ஏற்றினால்தான் ஊர் வரும். அவளால் இப்போது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பழைய ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போவாள். இந்த வெற்றுக் கரை அவளுக்கு அந்நியம். கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

ஜெசிந்தா தின்றது அரை இட்லி. நான் அதுவும் இல்லை. வெயில் காரணம்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள்.

காலையிலேயே ஜெசிந்தா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“அவருகிட்டக் கேளுங்க மைனி. காணாமப் போனதெல்லாம் அவருதான் எடுத்துத் தருவாரு.”

“சாவி கேக்கலாம், மோதிரம் கேக்கலாம். கம்ப்யூட்டர் சமாசாரம் அவருக்கு என்ன தெரியும்?”

“ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிட்டாக்கும்?”

அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பூசை முடிந்து அந்தோனியார் ரொட்டி வாங்க வரிசையில் நின்றேன். கூட்டம். அவளைத் தூணோரம் உட்காரவைத்திருந்தேன். ரொட்டியோடு திரும்பினால் தூண் மட்டும் இருந்தது.

அதன்பின் நடந்ததை ஒழுங்காக எழுத முடியவில்லை. ஆலயத்தைச் சுற்றினேன். தெருத்தெருவாகப் போனேன். பெயர் சொல்லித் தெருவில் கூப்பிட்டேன். நான் தெருவில் குரல் உயர்த்தியவளல்ல. கையிலிருந்த ரொட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது.

வீட்டுக்குத் திரும்பிக் காவல்நிலையத்துக்குப் போன் செய்யும்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“எம்மா, இவுக ஒங்க வீட்டு ஆளா? தெருத்தெருவா விசாரிச்சுக்கிட்டு வாரேன். பீச் ரோட்டுல நின்னு, ‘என் படக எங்கய்யா கட்டி வச்சிருக்கீக’ன்னு போறவன் வாரவனயெல்லாம் கேக்காக. ஒருத்தன் சிரிச்சான், அவனுக்கு ஒரு அறை விட்டுட்டாக.”

“சிரிக்கக்கூடாது,” என்றாள் ஜெசிந்தா, ஆட்டோவுக்குள்ளிருந்து.

காலில் செருப்பில்லை. வெந்நீரில் கால் கழுவிவிட்டேன்.

ரொனால்டுக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை. தெரிவித்தேன். “அப்ப முடிவாயிட்டு, மாமி,” என்றான் அவன்.

ஜூன் 14, சனி

மன்றத்தில் இன்று முறையான நடையெல்லாம் பார்க்கவில்லை. “பழைய ஊர் வேண்டும். அழிந்துவிட்டதா, இருக்கிறதா, அதை மட்டும் சொல்லுங்கள்,” என்று எழுதினேன். படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். ஓர் எழுத்துப்பிழை இருந்தது, பிறகு பார்த்தேன்.

உருளைக்கிழங்கு உடனே எழுதினார். சேமித்த ஊர் அவ்வளவு எளிதில் அழியாதாம். விளையாட்டு ஒரு கோப்பு, ஊர் வேறொரு கோப்பு. விளையாட்டின் பெயர் என்னவோ அதே பெயரில்தான் பெட்டி ஊரைத் தேடும். எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும், ஊர் இல்லை என்று நினைத்துப் புதிதாகத் தொடங்கிவிடும். “மிஸஸ் டூட், நீங்கள் அந்த விளையாட்டின் பெயரை மாற்றினீர்களா?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை.

பெட்டியின் உள்ளே, சேமித்தவை இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே இரண்டு கோப்புகள். ஒன்று பிழையற்ற பெயருடையது, பிறந்து சில நாளான வெற்றுக் கரை. அதன் கீழே மற்றொன்று. ஓவும் யூவும் இல்லாமல், ஈயோடு. கஸ்பார் எழுதியபடி. தேடி வருவார் யாருமில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

ஊரின் பெயரையும் திருத்திவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும், பிழையும் நீங்கும். அதற்கான பொத்தானில் விரலை வைத்தேன். அந்தச் சொல்லை அவர் எப்போதும் அப்படித்தான் எழுதுவார். கப்பலிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்திலும்.

விளையாட்டின் பெயரில் ஈயை அதன் இடத்தில் உட்கார வைத்தேன்.

திறந்ததும் முதலில் விளக்குகள் வந்தன. தண்ணீரில் அவற்றின் நிழல் நீண்டு நீண்டு ஆடியது. பிறகு பாலம், பாலத்தின்மேல் குடைக்காரி, மீன் கூடை வைத்திருப்பவன், தலைப்பாகைக் குழந்தை, கடைக்கு முன்னால் நடனமாடும் நாய். மழை பெய்துகொண்டிருந்தது, அந்த ஊரில் மட்டும். ஜெசிந்தாவை நான் எழுப்பவில்லை; கடல் சத்தம் கேட்டு அவளே வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

“எங்க போய்த் தொலைஞ்சீக, எல்லாரும்?”

பிறகு என்னிடம், “பசிக்கி,” என்றாள்.

மன்றத்தில், “தீர்ந்தது. எழுத்துப்பிழை சம்பந்தமான சிக்கல். உதவிக்கு மிக்க நன்றி,” என்று எழுதினேன். யாருடைய பிழை என்பது அவர்களுக்குத் தேவையில்லாத விவரம். உருளைக்கிழங்கு ஒரு பொம்மை முகம் அனுப்பினார். கண்ணடிக்கும் முகம். அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தோனியாருக்குத்தான் புகழ் என்கிறாள் ஜெசிந்தா. விவாதிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் முழுவதும் அந்தக் கடல். வெளியே மண்காற்று, உள்ளே மழை. நான் தூங்கினேனா என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவள் விசாரிக்கிறாள். “ஒம் மவளுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?” என்கிறாள். “குடைய மடக்கு, படகு ஆடுதுல்லா,” என்கிறாள். “அண்ணன் எங்கேன்னு கேக்கியா? அவரு பெரிய கப்பல்ல போயிருக்காரு,” என்கிறாள். எனக்கு நேரில் ஒருநாளும் இவ்வளவு பேச்சு வராது.

பிறகு கண்ணைத் திறந்தபோது சாயங்காலமாகியிருந்தது. தலையணை கொஞ்சம் ஈரம். வியர்வை.

ஜூன் 19, வியாழன்

ஜெசிந்தாவின் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பயணப் பெட்டியில் அடுக்கினேன். அனுப்புவதென்றால் ஒழுங்காக அனுப்ப வேண்டும். அவளுடைய ஜாக்கெட்டுகளில் பாதிக்கு ஊக்கு இல்லை. தைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மீதியையும் தைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ரொனால்ட் காலை ரயிலில் வந்தான். தலை நரைத்துவிட்டது. அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். அவள் அவனைப் பார்த்து, “தம்பி, ஓரமா உக்காரு. மறைக்காத,” என்றாள்.

காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சாப்பிட்டாள், சிரித்தாள், தானாகவே கை கழுவிக்கொண்டாள். மதியம் சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னான்:

“நான் பயந்த மாதிரி இல்ல, மாமி. நல்லாத்தான் இருக்காங்க. இந்தப் பெட்டிதான் காரணமா?”

“பெட்டியும் காரணம்.”

“அப்ப ரொம்ப சுலபமாப் போச்சு. பெட்டியையும் கூடவே அனுப்பிருவோம். அங்க டிவி இருக்கு. எதத் தொட்டா எது ஓடும்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா சிஸ்டர்ஸ் பார்த்துக்குவாங்க.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. பெட்டி பழுதாக இருந்தவரை அவள் போகவேண்டியவள். பழுதை நீக்கியதால் நன்றாகவே போகக்கூடியவள். மீனை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிறகு ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

“பெட்டிய நீ எடுத்துக்கிட்டுப் போ. ஒங்கம்மா இங்க இருக்கட்டும்.”

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. பொருள்தான் இல்லை.

“பெட்டிய வச்சு நான் என்ன மாமி பண்ண?”

“எனக்கென்ன தெரியும்.”

அவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “திரும்ப வெளிய போயிட்டாங்கன்னா?”

“வாசலுக்குப் பூட்டு போட்டாச்சு. பகலுக்கு ஒரு பொம்பளையப் பேசி வச்சிருக்கேன். நாளையிலேருந்து வருவா.”

“உங்களுக்குப் பாரம்.”

“பாரமா இல்லையான்னு நான்தான் சொல்லணும்.”

“சொல்லுங்க. நேராவே கேக்கறேன், மாமி. அம்மா உங்களுக்கு இங்க வேணுமா?”

கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் விடை சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். எழுவாய் வேண்டும், பயனிலை வேண்டும்.

“வேணும்,” என்றேன்.

சொல்லி முடித்ததும் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். அது காலியாக இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சாப்பிட்ட கைதான் இருந்தது, பாவம்.

அடுத்த அறையிலிருந்து ஜெசிந்தா குரல் கொடுத்தாள்:

“ஏய், அங்க என்ன சண்ட? சண்ட போடாதீக. படகுல எடம் இருக்கு.”

ஜூன் 23, திங்கள்

ரொனால்ட் நேற்று மாலையே கிளம்பிவிட்டான். கிளம்புமுன் நாகர்கோவிலுக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்று சொன்னான். ஜெசிந்தாவின் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். பகலுக்கு வந்த பெண் பெயர் சகாய ராணி. தாமதமாக வந்தாள். சொல்லியிருக்கிறேன்.

மாலையில் என் நாற்காலியை ஜெசிந்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அந்த அறையில்தான் காற்று நன்றாக வருகிறது.

கரையின் ஒரு மூலையில், மழையில், நீல உடுப்புப் போட்ட ஒருத்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு தனியாக நின்றிருந்தாள்.

“அது யாரு?”

“நீங்கதான் மைனி.”

“நானா? நான் அவ்வளவு குட்டையில்ல.”

“நீங்களேதான். அண்ணன்தான் பேரு வச்சாரு. தெனமும் வந்து நிப்பீக. வாரீகளான்னு கேட்டா தலைய ஆட்டிட்டுத் திரும்பிக்கிடுவீக. அண்ணன் சொல்லும், ‘இருக்கட்டும் ஜெசிந்தா, என்னைக்காவது ஏறுவா’ன்னு.”

அவள் படகைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் முன்னால் நிறுத்தினாள். வட்டப் பொத்தானை அமுக்கினாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, திரும்பி நின்றுகொண்டாள்.

“பார்த்தீகளா, பெரும புடிச்சவ,” என்றாள் ஜெசிந்தா.

“நாளைக்கும் கேளு,” என்றேன்.